பரணில் எழுதிய மான் கணக்கு

2023 நவம்பர் 18, சனிக்கிழமை. இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். விறகு அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. பெரியவர் மேசைமுன் உட்கார்ந்து, பச்சை அட்டை போட்ட சின்ன நோட்டைத் திறந்து தேதி போட்டார். காற்று எந்தத் திசை, குளிர் எவ்வளவு, தரையில் பனி உண்டா என்று ஒவ்வொன்றாக எழுதினார். அப்புறம் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீ எத்தனை பார்த்தாய்?"

"ஒன்றும் பார்க்கவில்லை."

"நானும்தான்" என்றபடி ஒரு சுழி போட்டார். அதைச் சுற்றி இன்னொரு வட்டம் வரைந்தார். நோட்டை மூடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டை வருடத்தில் ஒன்பது நாள். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி அடுத்த வார ஞாயிறு முடியும். அந்த முதல் சனிக்கிழமை இங்கே நம் ஊர்ப் பொங்கல் மாதிரி. அதை ஒட்டிய நாட்களில் வடக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்புக்கு வரமாட்டார்கள், ஆலைகளில் விடுப்பு கேட்டு வரிசை நிற்கும். அப்படிப்பட்ட நாளில், விடியும் முன்னிருந்து இருட்டும்வரை இரண்டு பேர் இரண்டு பரணில் உட்கார்ந்து ஒரு மானைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது வெறும் ஏமாற்றம். பெரியவருக்கு அதைவிடப் பெரிய ஒன்று என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

நான் வேலைக்காக ஆப்பிள்டனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பெரியவர் பக்கத்து வீட்டுக்காரர், வயது எழுபத்தாறு. இந்த ஃபாக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கக் காகித ஆலைகள். அதில் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் முதல் குளிர்காலத்தில், பனியை எப்படித் தள்ளுவது என்றே தெரியாமல் நான் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தபோது, தன் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்து பத்து நிமிடத்தில் பாதையைத் துப்புரவாக்கிவிட்டுப் போனார். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். வடக்கே, ஃப்ளாம்போ ஆற்றுப் பக்கம், அவருடைய அப்பா வாங்கிப்போட்ட நாற்பது ஏக்கர் காடும் ஒரு மரக்குடிலும் உண்டு. எந்தக் கவுண்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று எழுதமாட்டேன். வேட்டைக்காரர்கள் தங்கள் இடத்தை ஊருக்குச் சொல்வதில்லை. வாசாவ் தாண்டி, டோமஹாக் தாண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் போகவேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் இரண்டு வருடம் கூடப் போய்ச் சமைத்துப் போட்டேன், அவ்வளவுதான். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே லைசென்ஸ் எடுக்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்கவேண்டும். மூன்றாம் வருடம் அதையும் முடித்து நானும் லைசென்ஸ் எடுத்தேன். தேனிப் பக்கம் பிறந்தவன் நான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு மானைச் சுடுவது என்றால் போலீஸும் கோர்ட்டும்தான் நினைவுக்கு வரும். என் மனைவி அப்போது கேட்டாள்: "கடையில எல்லாக் கறியும் கிடைக்குது. அந்த மானை எதுக்குங்க கொல்லணும்?" அந்தக் கேள்விக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்லமுடியும். மான் குறைந்துபோச்சே என்று மனம் நொந்து பேசுகிறவர்களை நான் இந்த வேட்டைக்காரர்களிடையே பார்த்த அளவுக்கு வேறு எங்கும் பார்த்ததில்லை.

பெரியவரின் நோட்டு 1978இல் தொடங்குகிறது. இது மூன்றாவது நோட்டு. ஒவ்வொரு வருடமும் முதல் சனிக்கிழமை அவர் அதே பரணில், அதே வயதான ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்த மான்களின் கணக்கு அதில் இருக்கிறது. தொண்ணூறுகளில் ஒரே நாளில் பதினைந்து, இருபது என்று பார்த்த வருடங்கள் உண்டு. 2014இல் இரண்டு. நடுவில் கொஞ்சம் ஏறி, 2023இல் சுழி. நாற்பத்தைந்து வருடத்தில் முதல் சுழி.

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. அந்த ஒன்பது நாளில் மாநிலம் முழுக்கப் பதிவான மான்கள் சுமார் 1,74,000. முந்தைய வருடம் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வடக்குக் காட்டு மண்டலத்தில் அடி இன்னும் பலம். பெட்ரோல் பங்க், மதுக்கடை, தேவாலய வாசல் என்று எங்கே போனாலும் அந்த வாரம் ஒரே பேச்சு: மான் எங்கே போச்சு? பக்கத்துக் குடில்காரர் ஒருவர் எங்கள் அடுப்பருகே காபிக் கோப்பையோடு உட்கார்ந்து, "எல்லாம் ஓநாய்தான்" என்றார். பெரியவர் பதில் சொல்லவில்லை. அவர் வேறு ஒன்றைப் பார்த்திருந்தார். நானும் கூட இருந்தேன்.

அதே வருடம் மே முதல் வாரம். குடிலின் கூரையைச் சரிசெய்யப் போயிருந்தோம். 2022 டிசம்பர் நடுவில் கனமான ஈரப்பனி விழுந்து, பாதிக் காட்டின் கிளைகளை முறித்துப் போட்டிருந்தது. அதற்கு மேல் பனி சேர்ந்துகொண்டே போய், ஏப்ரலிலும் விடவில்லை. கூரை வேலை முடிந்ததும் பெரியவர், "வா, சீடர் சதுப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார். கடுங்குளிரில் மான்கள் அங்கேதான் கூட்டமாக ஒதுங்கும். அடர்ந்த சீடர் மரங்கள் பனியைக் கிளைகளில் தாங்கிக்கொள்ளும், காற்றையும் தடுக்கும். உள்ளே போனதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு கோடு. எல்லாச் சீடர் மரங்களிலும், என் தலை உயரத்துக்குக் கீழே ஒரு இலைகூட இல்லை. நூல் பிடித்து வெட்டியது போல இருந்தது. பின்னங்காலில் எம்பி நின்று எட்டிய மட்டும் மான்கள் தின்றிருக்கின்றன.

கொஞ்சம் தள்ளி ஒன்று கிடந்தது. தோலும் எலும்புமாக, கால்களை மடக்கிப் படுத்த வாக்கில். கடித்துக் குதறிய அடையாளம் எதுவும் இல்லை. பெரியவர் கையுறை மாட்டிக்கொண்டு தாடையைத் திறந்து காட்டினார். கடைவாயில் மூன்றாவது பல் மூன்று பிரிவாக இருந்தது. போன வருடம் பிறந்த குட்டி. அப்புறம் கோடரியின் பின்புறத்தால் தொடை எலும்பைத் தட்டி உடைத்தார். நல்லி எலும்பை நாம் எத்தனை முறை உறிஞ்சியிருப்போம்! நல்ல மானின் மஜ்ஜை உறைந்த நெய் மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். நான் அறுத்துச் சமைத்த மான்களில் பார்த்திருக்கிறேன். இந்த எலும்புக்குள் இருந்தது சிவப்பாக, கொழகொழவென்று, ஜெல்லி மாதிரி வழிந்தது. உடம்பில் இருக்கிற கொழுப்பெல்லாம் தீர்ந்த பிறகு கடைசியாகத்தான் எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு கரையும் என்றார். அதுவும் கரைந்துபோனால் அந்த மான் பிழைக்காது. அரை மணி நேரத்தில் இன்னும் இரண்டு பார்த்தோம். மூன்றும் குட்டிகள்.

"பிப்ரவரியிலேயே வந்து கொஞ்சம் சோளம் போட்டிருக்கலாமே" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். குளிர்காலத்தில் மானின் வயிறு சுள்ளியையும் மொட்டையும் செரிக்கிற மாதிரி மாறியிருக்கும். திடீரென்று சோளத்தைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு நிறைந்த நிலையிலேயே செத்துப்போகும். பாவப்பட்டுப் போடுகிறவர்கள் அப்படிக் கொன்றதைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

குளிரின் கொடுமையை அளக்க மாநிலத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, தரையில் பனி ஒன்றரை அடிக்குக் குறையாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. குளிர் பாரன்ஹீட்டில் சுழிக்கோ அதற்குக் கீழோ, அதாவது நம் கணக்கில் மைனஸ் 18க்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. 50க்குக் கீழே இருந்தால் லேசான குளிர்காலம். 80 தாண்டினால் கடுமை. 100 தாண்டினால் மிகக் கடுமை. ஒன்றரை அடிப் பனியில் மானின் வயிறு பனியில் உரசும். ஒவ்வொரு அடியும் நீச்சலடிக்கிற மாதிரி. இருக்கிற கொழுப்பு நடையிலேயே தீரும். முதலில் போவது குட்டி. தாய் பிழைத்தாலும், வயிற்றில் இருப்பது நோஞ்சானாகப் பிறந்து ஜூன் மாதத்திலேயே போய்விடும். ஒரு கெட்ட குளிர்காலம் இரண்டு தலைமுறைக் குட்டிகளை வாரிக்கொண்டு போகிறது. நோட்டில் இரண்டு என்று எழுதியிருந்த 2014க்கு முந்தைய குளிர்காலமும் அப்படிப்பட்டதுதான். பெரியவர் பேனாவால் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார்: "பனி, பனி, பனி."

ஆனால் குளிர் எப்போதும் இருந்தது. தொண்ணூறுகளின் இருபது மான் எங்கே போயிற்று? இதைப் பெரியவர் எனக்குச் சொன்ன விதம் மறக்காது. குடிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கும் ஆஸ்பென் மரங்களைக் காட்டினார். இந்தப் பக்கத்து ஆட்கள் இதைப் பாப்பிள் என்பார்கள். "இதெல்லாம் நான் பேப்பராக்கவேண்டிய மரம்" என்றார். பாப்பிள் மரத்தை மொத்தமாக வெட்டினால் சாகாது. வேரிலிருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் தளிர்கள் கிளம்பும். அந்தத் தளிர்தான் மானுக்கு விருந்து. காகித ஆலைகள் ஓகோ என்று ஓடிய காலத்தில் வடக்கில் பாப்பிள் காடுகள் முறைவைத்து வெட்டப்பட்டன, எங்கு பார்த்தாலும் இளங்காடு. பத்துப் பதினைந்து வருடத்தில் தளிர் மரமாகி மானுக்கு எட்டாத உயரம் போய்விடும். வேறு இடத்தில் வெட்டினால்தான் சாப்பாடு. இப்போது ஆலைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. விஸ்கான்சின் ரேபிட்ஸின் பெரிய ஆலை 2020இல் நின்றுபோனது. வடக்கே பார்க் ஃபால்ஸ் ஆலையும் போய்விட்டது. மரத்தை வாங்க ஆளில்லாவிட்டால் யார் வெட்டுவார்கள்? காடு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உயரமான மரம், குளிர்ந்த நிழல். அடியில் மானுக்குத் தின்ன ஒன்றுமில்லை. முப்பத்தெட்டு வருடம் பேப்பர் செய்த மனிதர், தான் செய்த வேலைக்கும் தன் பரணுக்கு வந்த மானுக்கும் இருந்த உறவை ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்துகொண்டதாகச் சொன்னார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. அந்த இருபது மான் காலம் காட்டுக்கு நல்ல காலம் இல்லை. ஹெம்லாக் கன்றும் சீடர் கன்றும் முளைத்ததும் மேய்ந்து தீர்க்கப்பட்டன. வசந்தத்தில் தரையை வெள்ளையாக மூடும் டிரில்லியம் பூக்கள் பல இடங்களில் காணாமல் போயின. பெரியவர் பரணுக்கு மேலே நிற்கும் அந்த ஹெம்லாக்கின் கீழே, அதன் பிள்ளை என்று சொல்ல ஒரு கன்று கிடையாது. இத்தனை மான் இருந்ததுதான் இயல்பு, இப்போது குறைந்ததுதான் கோளாறு என்று நோட்டை மட்டும் பார்த்துச் சொன்னால் தப்பாகிவிடும்.

அப்புறம் பெண்மான் விவகாரம். டோ என்கிறார்கள் இங்கே. நம் பழந்தமிழில் பெண்மானுக்குப் பிணை என்றும், குட்டிக்கு மறி என்றும் தனித்தனிச் சொல் இருக்கிறது. மான் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பிணைதான். ஒரு கலைமான் பல பிணைகளோடு சேரும். அதனால் ஆண்களைச் சுடுவது மந்தையை அவ்வளவாகக் குறைக்காது. எத்தனை பெண்மானைச் சுடலாம் என்பதுதான் ஒவ்வொரு வருடமும் சண்டை, எண்பது வருடமாக.

1915இல் இந்த மாநிலம் ஆண்மான் மட்டும் என்று சட்டம் போட்டது. மான் அரிதாக இருந்த காலம். 1925 முதல் பத்து வருடத்துக்கு மேல், ஒற்றைப்படை ஆண்டுகளில் வேட்டையே கிடையாது. காப்பாற்றிக் காப்பாற்றி மான் பெருகி, நாற்பதுகளில் பனிக்கால ஒதுக்கிடங்களில் பட்டினியால் சாக ஆரம்பித்தது. வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியர் ஆல்டோ லியோபால்ட் தலைமையில் ஒரு குடிமக்கள் குழு போய்ப் பார்த்து, மந்தையைக் குறைக்கவேண்டும், பெண்மானையும் சுடவேண்டும் என்று சொன்னது. 1943இல் நான்கு நாள் ஆண்மானுக்கு, நான்கு நாள் கொம்பில்லாத மானுக்கு என்று வேட்டை திறந்தார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் மான்கள் விழுந்தன. வேட்டைக்காரர்கள் கொதித்துப்போய் அதற்கு 'நாற்பத்து மூன்றின் குற்றம்' என்று பெயர் வைத்தார்கள். லியோபால்டை எதிர்த்துப் பத்திரிகையே நடந்தது. பெரியவரின் அப்பா அந்த வருடம் காட்டில் இருந்தவர். சாகும்வரை பெண்மானைச் சுடவில்லை, பிள்ளைகளையும் சுட விடவில்லை.

2000ஐ ஒட்டிய வருடங்களில் மறுபடியும் அதே கதை. மான் ஏராளம். 2000இல் எல்லாப் பருவமும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேல் சுட்டார்கள், அதுதான் சாதனை. மந்தையைக் குறைக்கப் பெண்மான் டேக்குகளை, அதாவது சுடுவதற்கான அனுமதிச் சீட்டுகளை, சில டாலருக்கு அள்ளிக் கொடுத்தார்கள். சில இடங்களில் முதலில் கொம்பில்லாத மான் ஒன்றைச் சுட்டால்தான் ஆண்மானைச் சுட உரிமை என்று விதி. 2002இல் தெற்கே மவுண்ட் ஹோரப் பக்கம் மானின் மூளையை அரிக்கும் நோய் கண்டுபிடிக்கப்பட்டதும், அங்கே மானையே ஒழித்துவிடலாம் என்ற அளவுக்குப் போனார்கள். வேட்டைக்காரர்கள் பொறுக்கவில்லை. அந்தக் கொம்பில்லா மான் விதியை 2011இல் சட்டம் போட்டு நீக்க வைத்தார்கள். இன்றும் வடக்கில் யாரிடம் கேட்டாலும், "அந்தப் பத்து வருடத்தில் எங்களையே வைத்து எங்கள் மானை அழிக்க வைத்தார்கள்" என்பார்கள். பெரியவரும் அதைச் சொல்வார். 2004இல் அவரும் இரண்டு பெண்மான் சுட்டார். நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் கசங்கியிருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் புரியாத ஒன்று: தெற்கே இன்றைக்கும் மான் மிதமிஞ்சி இருக்கிறது. சோளக் காடும் சோயாவும் வீட்டுத் தோட்டமும் தின்று கொழுத்து, சாலையில் கார்களில் அடிபட்டுச் சாகின்றன. நோயும் பரவிக்கொண்டே இருக்கிறது. சுடுவதற்கு ஆள்தான் இல்லை. 2000ஐ ஒட்டி ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனார்கள். இப்போது ஐந்தரை லட்சம் அளவில் இருக்கிறது. ஆகவே மாநிலம் முழுமைக்கும் ஒரு கணக்குப் போட்டால் மான் கூடியிருக்கிறது என்று வரும். வடக்கில் சுழி போட்டவனிடம் போய் அந்தக் கணக்கைச் சொன்னால் அவனுக்கு எரியும்.

பரண் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. முன்பு பக்கத்து நாற்பது ஏக்கர்களில் எல்லாம் ஆட்கள் நடப்பார்கள், மானைக் கலைப்பார்கள். அது ஓடி இந்தப் பரண் முன்னால் வரும். இப்போது எல்லோருக்கும் வயதாகிவிட்டது, பிள்ளைகள் வருவதில்லை, இருக்கிற சிலரும் ஒரே இடத்தில் உட்காருகிறார்கள். தொந்தரவு இல்லாத மான் பகலில் எழுந்து நடப்பதில்லை. 2023 முதல் நாள் தரையில் பனியும் இல்லை, பழுப்புக் காட்டில் பழுப்பு மானைக் கண்டுபிடிப்பது கடினம். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "தெரியும்" என்றார். "நான் எழுதுவது இருக்கிற மானை அல்ல, நான் பார்த்த மானை."

ஓநாயைப் பற்றிச் சொல்லவேண்டும். தலைக்குக் காசு கொடுத்துக் கொன்று, அறுபதுகளுக்குள் இந்த மாநிலத்தில் ஓநாயே இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். எழுபதுகளில் மினசோட்டாவிலிருந்து அதுவாகத் திரும்பி வந்தது. இன்றைக்கு ஆயிரம் அளவில் இருக்கும். ஒரு ஓநாய் வருடத்துக்கு இருபது மானை ஒட்டித் தின்னும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் இருபதாயிரம். சின்ன எண்ணல்ல, அதுவும் பெரும்பாலும் வடக்கில். ஆனால் கரடியும், நரி மாதிரி இருக்கும் கயோட்டியும் ஜூன் மாதத்தில் புல்லுக்குள் படுத்திருக்கும் மறிகளைத் தின்கிற கணக்கை யாரும் கோபத்தோடு பேசுவதில்லை. 2021 பிப்ரவரியில் ஓநாய் வேட்டை திறந்தபோது, 119 என்று வைத்த வரம்பை மூன்று நாள் முடிவதற்குள் தாண்டி 218 ஓநாய்களைக் கொன்றார்கள். அடுத்த வருடம் நீதிமன்றத் தீர்ப்பால் கூட்டாட்சிப் பாதுகாப்பு திரும்பியது. 1837, 1842 உடன்படிக்கைகளின்படி இதே வடகாட்டில் வேட்டையுரிமை உள்ள ஒஜிப்வே பழங்குடி மக்கள் தங்கள் பங்கு ஓநாய்களைச் சுடவில்லை. மாயிங்கன் என்று அவர்கள் அழைக்கும் ஓநாய் அவர்களுக்குச் சகோதரன். அவர்களும் மானைத் தின்று வாழ்ந்தவர்கள்தான், இன்றும் சுடுகிறவர்கள்தான். மான் குறைந்ததற்கு ஓநாயே காரணம் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை அவர்களிடமும் கேட்டுவிட்டுப் பேசலாம் என்பது என் எண்ணம்.

2024 தொடக்கத்தில் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது: வடக்கில் நான்கு வருடத்துக்குப் பெண்மான் வேட்டையே கூடாது. எங்கள் அடுப்பருகே ஓநாய் என்று சொன்னவர் சந்தோஷத்தில் குதித்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே 2014 முதல் கவுண்ட்டிக்கு ஒரு மான் ஆலோசனைக் குழு இருக்கிறது. வேட்டைக்காரர், விவசாயி, வனத்தொழில்காரர், சுற்றுலாக்காரர் எல்லோரும் உட்கார்ந்து, மந்தை கூடவேண்டுமா, அப்படியே இருக்கவேண்டுமா, குறையவேண்டுமா என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை முடிவு செய்கிறார்கள். பெண்மான் வரம்பை வருடா வருடம் பரிந்துரைக்கிறார்கள். குளிர் கடுமையாக இருந்தால் சுழி என்றுகூடச் சொல்லலாம். பனி எவ்வளவு விழுந்தது என்று பார்த்துத் தீர்மானிக்கவேண்டியதை, நான்கு வருடத்துக்கு முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைப்பது சரியில்லை. அந்த மசோதா சட்டமாகவில்லை.

அந்த வசந்தத்தில் பெரியவரோடு குழுக் கூட்டத்துக்குப் போனேன். பொதுமக்கள் பேச ஆளுக்குச் சில நிமிடம். பலர் கத்தினார்கள். பெரியவர் எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டைப் படித்தார். வருடம், எண்ணிக்கை. வருடம், எண்ணிக்கை. பதினைந்து வருடம் ஆனதும் நேரம் முடிந்துவிட்டது. "மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், இங்கே வைத்துவிட்டுப் போகிறேன்" என்று மேசையில் வைத்தார். கத்திக்கொண்டிருந்த கூடம் அமைதியானது. இடைவேளையில் குழுவின் வனத்தொழில் உறுப்பினர் வந்து பக்கங்களைப் புரட்டினார். தன்னுடைய நிலத்தில் எந்தெந்த வருடம் பாப்பிள் வெட்டினார் என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் காபி ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் காட்சிதான்.

2023-24 குளிர்காலம் குளிர்காலமே இல்லை. ஏரிகள் சரியாக உறையவில்லை, பனிச்சறுக்குப் போட்டிகள் ரத்தாயின. சீடர் சதுப்பில் மே மாதம் தேடியும் செத்த மான் ஒன்றும் கிடைக்கவில்லை. 2024இல் வேட்டைப் பருவம் நவம்பர் 23இல்தான் தொடங்கியது, நாட்காட்டியில் அதைவிடத் தாமதமாக அது வரவே முடியாது. இருந்தும் மாநிலத்திலும், குறிப்பாக வடக்கிலும், பதிவான மான்கள் முந்தைய வருடத்தைவிடக் கூடின. ஓநாய்கள் அதேதான், காடும் அதேதான். மாறியது பனி. எனக்கு அதுவே போதுமான சான்று.

முதல் நாள் மதியம் மூன்று மணிக்குமேல் என் பரணுக்கு முன்னால் ஒரு பிணையும் அதன் பின்னால் இரண்டு குட்டிகளும் வந்தன. முன்னால் வந்த பெரியது நின்று, முன்னங்காலை ஒருமுறை தரையில் தட்டியது. குட்டிகள் அப்படியே நின்றன. மூக்கிலிருந்து வரும் ஆவிகூடத் தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் மேய்ந்துவிட்டுப் போயின.

என்னிடம் பெண்மான் டேக் இருந்தது. பன்னிரண்டு டாலர் கொடுத்து வாங்கியது. வடக்கில் பல வேட்டைக்காரர்கள் செய்கிற காரியம் இது. வரம்பில் இருக்கிற டேக்கைத் தாங்கள் வாங்கி, சுடாமல் வைத்துக்கொள்வார்கள். வேறு யார் கையிலும் அது போய்ச் சேராது. டேக் வாங்கிய எல்லோரும் சுடமாட்டார்கள் என்பது கணக்குப் போடுகிறவர்களுக்கும் தெரியும். அதனால் சுடவேண்டிய எண்ணிக்கையைவிடக் கூடுதலாகத்தான் டேக் விடுகிறார்கள். ஆகவே என் பன்னிரண்டு டாலர் முழுசாக ஒரு மானைக் காப்பாற்றியது என்று சொல்லமுடியாது. பெரியவருக்கும் இது தெரியும். இருந்தாலும் கடைசிப் பத்து வருடமாக டேக் விற்ற வருடமெல்லாம் வாங்கியிருக்கிறார்.

அன்றிரவு அவர் நோட்டைத் திறந்து தேதி போட்டார். காற்று, குளிர், பனி. "நீ எத்தனை?" என்றார். "மூன்று. ஒரு தாய், இரண்டு குட்டி." எழுதினார். தன்னுடையதை நான்கு என்று எழுதினார். அதில் ஒன்று ஆண், சின்னது, கொம்பு இன்னும் கிளைவிடவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். இப்போதெல்லாம் டேக்கை வீட்டிலேயே சாதாரணத் தாளில் அச்சடித்துக்கொள்ளலாம். அதை அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னுடையதைக் கேட்டுக் கை நீட்டினார். கொடுத்தேன். இரண்டையும் ஒன்றாக மடித்து உள்ளே வைத்து, நோட்டை மூடி, ரப்பர் பேண்ட் போட்டார்.